வாக்கெடுப்பு முடிந்தும் சண்டை முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைவர் தெரிவுக்கு வாக்கெடுப்பு வைத்ததால்தான் இலங்கைத் தமிழரசுக் கட்சி கெட்டது என்று பலரும் பேசுகிறார்கள். ஒட்டுசுட்டானில் நெடுங்காலமாகக் கட்சி வேலை செய்கிறவன் நான். இதை ஏற்க மாட்டேன்.

1949இல் தொடங்கிய கட்சியில் 2024 ஜனவரி 21ஆம் திகதிதான் முதன்முறையாகத் தலைவர் பதவிக்குப் போட்டி வாக்கெடுப்பு நடந்தது. திருகோணமலையில் சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. அது நல்ல காரியம். கேடெல்லாம் அதற்குப் பிறகுதான். செயலாளர் பதவிக்கு இழுபறி, மாநாடு ஒத்திவைப்பு, அப்புறம் வழக்கு.

மேலே நடந்தது ஊருக்குள்ளும் இறங்கியது. அண்மையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். பந்தலின் ஒரு பக்கம் சிறீதரனின் ஆட்கள், மறுபக்கம் சுமந்திரனின் ஆட்கள். போர் முடிந்த பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே மோட்டார் சைக்கிளில் நோட்டீஸ் கொண்டு திரிந்த இரண்டு பேர், வெற்றிலைத் தட்டத்தைக்கூட ஒருவர் பக்கம் மற்றவர் நகர்த்தவில்லை. முகநூலில் மற்றத் தரப்பைத் துரோகி என்று எழுதிய ஒரு பொடியனிடம், "தம்பி, இந்தப் பட்டம் கட்டி எத்தனை உயிரைப் பறிகொடுத்த மண் இது, அழித்துவிடு" என்றேன். "அவையும் எங்களை அப்பிடித்தானே எழுதினம் ஐயா" என்றான். அழிக்கவில்லை.

2024 செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய கட்சியின் மத்திய குழு, ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. தலைவராகத் தெரிவான சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் பக்கம் நின்றார். அரியநேத்திரனும் எங்கள் கட்சிக்காரர்தான். எங்கள் சின்னம் வீடு. "உங்கட வீடு இந்தமுறை எந்தப் பக்கம்?" என்று படலையடியில் நின்று சனம் கேட்டபோது என்ன சொல்வது?

நவம்பர் பொதுத்தேர்தலில் எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டம் பதில் சொன்னது. 2020இல் நாங்களும் சேர்ந்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இங்கே மூன்று ஆசனங்கள் இருந்தன. இந்தமுறை வீட்டுக்கு 29,711 வாக்கு, ஒரு ஆசனம். முன்பு கூட்டமைப்பில் எங்களோடு நின்றவர்களின் சங்குச் சின்னத்துக்கு 21,102 வாக்கு, ஒரு ஆசனம். தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்கோடு முதலிடத்துக்கு வந்து, போனஸ் ஆசனத்தோடு இரண்டை எடுத்தது. வீட்டையும் சங்கையும் கூட்டிப் பாருங்கள், ஐம்பதாயிரத்துக்கு மேல் வருகிறது.

2008இல் அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளராவதற்கு ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஒரே கட்சிக்குள் ஜனவரி முதல் ஜூன் வரை மோதினார்கள். கடுமையான மோதல். ஹிலாரிக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினர், எதிர்க்கட்சி மக்கெயினுக்குப் போட்டாலும் போடுவோம், ஒபாமாவுக்குப் போட மாட்டோம் என்று நின்றார்கள். ஆனாலும் ஓகஸ்ட் மாதம் டென்வர் மாநாட்டில், மாநிலம் மாநிலமாக வாக்கை எண்ணிக்கொண்டு போகும்போது, நியூயோர்க்கின் முறை வந்ததும் ஹிலாரியே எழுந்து, எண்ணியது போதும், ஒபாமாவை ஏகமனதாகத் தெரிவு செய்வோம் என்று பிரேரித்தார். வென்ற ஒபாமா அவரை இராஜாங்கச் செயலாளர் ஆக்கினார். தோற்றவர் மட்டும் இறங்கி வந்தால் போதாது, வென்றவரும் இடம் கொடுக்க வேண்டும். எங்கள் கட்சியில் இரண்டுமே நடக்கவில்லை. இதில் ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018இல் காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு என்றைக்காவது தேர்தல் வரத்தான் போகிறது. வேட்பாளர் பட்டியல் போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பும் வன்னிக்கு வந்து, கிளை உறுப்பினர்கள் முன்னால் ஒரே மேசையில் இருந்து, முடிவு எதுவானாலும் வழக்குக்குப் போக மாட்டோம் என்று கையெழுத்து வையுங்கள். இடம் இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் சனசமூக நிலையத்தைக் கேட்டு ஒழுங்கு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
கட்சிக் கிளை உறுப்பினர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.