அப்பாவுக்கு, இங்கிலாந்து வெய்பிரிட்ஜ்ல இருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போட்ட லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, மன்னிச்சிடுங்க. நைட் ஷிப்ட் மாத்திட்டாங்க அதான், வேற ஒன்னுமில்ல. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா ஹீட்டரே தேவைப்படல.

பக்கத்து வீட்டுத் தாத்தா இங்க புரூக்லாண்ட்ஸ் மியூசியத்துல சம்பளம் வாங்காம பழைய ரேஸ் கார் தொடைக்கிறார்னு சொன்னேன்ல, போன ஞாயிறு என்னையும் கூட்டிட்டுப் போனார். கார் ஓட்டுறதுக்குன்னே 1907ல கட்டுன டிராக், வளைவுல கான்கிரீட் கிட்டத்தட்ட 29 அடிக்கு சரிஞ்சு ஏறுது, இப்ப இடுக்குல எல்லாம் பாசி. உள்ள நேப்பியர்-ரெயில்டன்னு ஒரு காரு, 1933ல செஞ்சது. அப்பா, விமான இன்ஜின், 24 லிட்டர், மூணு வரிசையா நாலு நாலு சிலிண்டர், ஆனா முன் சக்கரத்துல பிரேக்கே கிடையாது! அதுல ஜான் காப்னு ஒருத்தர் 1935ல மணிக்கு 143.44 மைல் வேகத்துல ஒரு சுத்து வந்திருக்கார், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 231 கிலோமீட்டர், ஹெல்மெட் இல்ல சீட் பெல்ட் இல்ல. 1952ல படகுல ரெக்கார்ட் வைக்கப் போய் ஸ்காட்லாந்து ஏரியில செத்துட்டார்.

மனசுல நிக்குறது பெர்சி லாம்பெர்ட் தான். ஒரு மணி நேரத்துல 100 மைல் தாண்டுன முதல் ஆள், 1913 பிப்ரவரியில, இதே டிராக்ல. வேற ஆள் அதை முறியடிச்சதும் அக்டோபர்ல திரும்ப இறங்கியிருக்கார், டயர் வெடிச்சு கார் உருண்டுடுச்சு. 32 வயசு. அந்தக் காலத்து டயர் அந்த வேகத்தை எங்க தாங்கும்.

கை தொடைக்க தாத்தா ஒரு பழைய துணி நீட்டுனார், ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, அப்படியே நம்ம பட்டறை. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு 12-13 ஸ்பேனர் எடுடான்னு நீங்க கேக்குற மாதிரியே இருந்துச்சு, அங்கயே அழுதுட்டேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க.

சின்னவன் பைக் பின் டயர் வழவழன்னு தேஞ்சிருக்குன்னு அம்மா எழுதியிருந்தாங்க. அதோட அவன் தினமும் பைபாஸ்ல போறான். உடனே மாத்திக் குடுங்கப்பா, ரீட்ரெட் வேணாம், புதுசு. அது வரைக்கும் சாவிய நீங்களே வச்சுக்கோங்க. பணம் இந்த மாசம் பத்து நாள் லேட்டாகும், சம்பளத் தேதி மாறியிருக்கு அவ்ளோதான், அதுக்குள்ள மாமாகிட்ட கைமாத்தா வாங்கிக்கோங்க, நான் பேசிக்கிறேன். பட்டறைக் கூரை ஓட்டுக்கு மழைக்கு முன்னாடி ஆள் சொல்லிட்டீங்களா?

உங்க மகன்