இஞ்ச் டேப்பை எங்கே வைக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் நடக்கும் சர்க்கரை நோய் முகாம்கள் பலவற்றில் எடை, உயரம் மட்டும் பார்த்து, உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணைச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். 23-க்குக் கீழே என்றால் ‘நார்மல்’. குச்சிக் கை காலும் தொப்பையுமாக நிற்பவரும் அந்தச் சீட்டோடு நிம்மதியாகப் புரோட்டாக் கடைக்குப் போகிறார்.

இந்த எண்ணை நம்பி ஏமாற வேண்டாம் என்பதைப் புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் தன் உடலை வைத்தே காட்டினார். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர் படமும் லண்டன் மருத்துவர் யூட்கின் படமும் அருகருகே வந்தன. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனே கிராமங்களில் 1993-ல் அவர் தொடங்கிய ஆய்வில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. அந்த இளைத்த சிசுக்களிடம் சதைதான் குறைவு. முதுகுத் தோலடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

எடையும் உயரமும் இந்தக் கொழுப்பைக் காட்டாது; ஆகவே இடுப்பை அளக்க வேண்டும். அதிலும் தப்பு நடக்கிறது. ‘பேண்ட் சைஸ் 34’ என்பதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். பேண்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. சேலையின் மேல் வைத்தால் கொசுவம் அளவைக் கூட்டும்; பாவாடை நாடா இறுக்கிய பள்ளத்தில் வைத்தால் குறையும். விலா எலும்பின் கடைசி ஓரத்தையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் தடவிப் பார்த்து, நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். டேப் தோலின் மேல், தரைக்கு இணையாக இருக்கட்டும். முதுகுப்பக்கம் சரிவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இயல்பாக மூச்சை விட்டு முடிக்கையில் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்குவார்கள், பேச்சுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். இரண்டு முறை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுங்கள். துணி டேப் நாளாக ஆக இழுபடும். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். பெண்களுக்கு ஒரு மறைப்புத் திரை அவசியம். அது இல்லாததால்தான் சேலைமேல் அளக்கும் பழக்கமே வந்தது.

ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-ஐ எட்டினால், பி.எம்.ஐ. என்னவானாலும் ரத்தத்தில் சர்க்கரையும், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள். 12 மணி நேர வெறும் வயிறு வேண்டும். தூங்கா நகரத்தில் இதுதான் சிரமம்: ராத்திரி பதினொன்றுக்குச் சால்னா, காலை ஏழுக்கு ரத்தம் என்றால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. முதல் நாள் ஏழு மணிக்கே சாப்பாட்டை முடிக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.