மாரிவெள்ளக் கணிப்புக்கு அளவெடுத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து தெற்கே கடலைத் தொடுகிறது. மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தாழ்நில ஊர்களுக்கு நாளைய வெள்ளத்தை இன்றே சொல்வதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. மேலே மன்னம்பிட்டியின் நீர்மட்டம், அங்கிருந்து தண்ணீர் வந்துசேரும் நேரம், இடையில் பெய்த மழை, இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒரு தாளில் முடிந்துவிடும். அவற்றைச் சரியாக வைத்திருந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி ஆற்றில் நட்ட அளவுகோலை வாசித்தவர்களுக்கு. அலையடித்தபோது மேல்மட்டத்தையும் கீழ்மட்டத்தையும் பார்த்து நடுவை எழுதினீர்கள். கோலில் சிக்கிய ஆற்றுவாழையை விலக்கிவிட்டே வாசித்தீர்கள். குப்பை அடைத்தால் கோலடியில் மட்டம் பொய்யாக உயர்ந்து தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி அனுப்பிய நேரத்தை விட்டு, வாசித்த நேரத்தைக் குறித்தீர்கள். மணிக்கு 10 சென்ரிமீற்றர் வீதம் ஏறும் ஆற்றில் ஒரு மணிநேரம் பிசகினால் கணிப்பும் அதே 10 சென்ரிமீற்றர் பிசகும். வாசலுக்கும் திண்ணைக்கும் இடையில் பல வீடுகளில் அவ்வளவுதான் உயரம்.

இரவு வாசிப்புகளுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். கணிப்பு 3.40 மீற்றர் என்றிருக்க, கோல் 3.55 காட்டினால், அந்த 15 சென்ரிமீற்றரை அடுத்த சில மணிநேரக் கணிப்பிலும் கூட்டி, நேரம் போகப்போகக் குறைத்துக்கொண்டே வருவோம். குறுகியகாலக் கணிப்பின் உயிரே இந்தத் திருத்தம்தான். நள்ளிரவு முதல் விடியும்வரை வாசிப்பு இல்லையென்றால் திருத்தமும் இல்லை. கரை வழிந்து, ஆற்றோரத் தாழ்நிலச் சதுப்புகளான வில்லுகளுக்குள் தண்ணீர் புகுந்தபின் நிலைமை இன்னும் சிக்கல்: உச்சம் தாழ்ந்து, தாமதமாகவே கீழே வரும். கரைக்குள் ஓடிய நாட்களின் பயணநேரத்தை அப்போது நம்ப முடியாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கரை வழிந்தது என்று சொன்ன மாட்டுப்பட்டிக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மழைமானியைக் காலை 8.30க்குத் தவறாமல் பார்த்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும்: மழை பெய்யாத நாளில் 0, பார்க்காத நாளில் கோடு என்று பிரித்து எழுதினீர்களே, அது பலருக்கு விளங்காத விஷயம். வெற்றிடத்தைப் பூச்சியமாக எடுத்தால் கணக்கில் ஓர் ஆறே காணாமற் போகும். ஒரு சதுர கிலோமீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1000 கன மீற்றர் தண்ணீர். ஒரே 80 மில்லிமீற்றர் மழையை ஐப்பசியில் காய்ந்த நிலம் பெருமளவு குடித்துவிடும். மார்கழியில் ஊறிய நிலம் அப்படியே ஆற்றில் தள்ளும். ஆகவே முந்திய நாட்களின் மழையும் கட்டாயம் வேண்டும்.

குளங்களில் நின்றவர்கள் “வான்கதவு திறந்தாச்சு” என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எத்தனை கதவு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்றீர்கள். கட்டின் அடியில் கசிவு தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்றும் பார்த்தீர்கள். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கிறது. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை அறிந்த மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை; மழைக்கணக்கில் அகப்படாத வெள்ளம் அது.

ஆற்றுவாய் மீனவர்கள் மணல்திட்டு எவ்வளவு வெட்டுண்டது, வாடைக்காற்றில் கடல் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று சொல்லியிருக்காவிட்டால், முகத்துவாரப் பக்கம் தண்ணீர் ஏன் வடியவில்லை என்பது புரிந்திருக்காது.

பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளில் அறிவித்தவர்கள் மீற்றர்க்கணக்கை “பாலத்தின் இரண்டாம் படி” என்று மாற்றிச் சொன்னீர்கள். அடுத்த அறிவித்தல் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தீர்கள். தண்ணீர்ப் பம்பைக் கழற்றவும் நெல்மூட்டையை மேலேற்றவும் அந்த நேரம் போதுமா என்பதைத்தான் வீட்டிலிருப்பவர் முதலில் யோசிப்பார். கிராம சேவையாளர்களும் நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியர்களும் அழைப்பு எந்நேரம் வந்தாலும் எடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

அடுத்த மாரிக்கு முன் கோல்களின் இலக்கங்களுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கவேண்டும். சாய்ந்தவற்றை நிமிர்த்திப் பூச்சியமட்டத்தைத் திரும்ப அளக்கவேண்டும். புரட்டாசிக்குள் முடித்தால் நல்லது. தூரிகையோடு வரக்கூடியவர்கள் உங்கள் ஊர் வாசிப்பாளரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
மகாவலிக் கடைமடையில் ஆற்றுமட்டம் கணிப்பவர்கள்,
திருகோணமலை