கடலரிப்புத் தடுப்புச்சுவர் வரைவுகள் அனுப்பும் முன்

நீர்வளம், மீன்வளம், துறைமுகம், சுற்றுச்சூழல் துறையினர் கவனத்துக்கு.

புதுச்சேரி–விழுப்புரம் கரையை மாநில எல்லைக்கோட்டில் வெட்டாமல், ஒரே மணல் ஓட்டப் பகுதியாக (அலைகள் கரையோரமாக மணலை நகர்த்தும் தொடர்ச்சியான நீளமாக) வரையவும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கி. புதுச்சேரி துறைமுக அலைத்தடுப்பு தெற்கே மணலைத் தேக்கியது. வடக்கே தந்திராயன்குப்பம் என்ற ஊரைக் கடல் அரித்தது. அங்கே கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது, அவ்வளவுதான்.

பெரிய குழப்பம் உயர அளவில். துறைமுக வரைபடத்தின் ஆழங்கள் தாழ் ஓத மட்டத்தை (கடல் வற்றும்போதுள்ள நீர்மட்டத்தை) ஒட்டிய அடித்தளத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. பொதுப்பணி வரைபடமோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று ஒவ்வொரு தாளிலும் குறிக்கவும். இல்லையேல் சுவரின் உயரமே தவறும்.

கரைக் குறுக்குவெட்டு அளவீடு (கரையிலிருந்து கடலுக்குள் மணலின் உயர வேறுபாட்டை அளப்பது) வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அந்தப் பருவத்தில் மணல் ஓட்டம் தெற்கே திரும்புவதால் ஒற்றை அளவீடு ஏமாற்றும்.

2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அனுமதி கோரும்போது, வடக்கேயுள்ள ஊர்களையும் சேர்த்தே காட்டவும்.