சோதிக்காமலே "மதர்போர்டு பழுது" என எழுதித் தரப்பட்ட சேவை அறிக்கை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: மேசைக் கணினி – மின்சாரம் வந்தும் திரையில் படம் வராமை – தவறான சேவை அறிக்கையை ரத்து செய்து, உத்தரவாதத்தின்கீழ்ச் சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னுடைய வரி ஆலோசனை அலுவலகத்துக்காகத் தங்களிடம் வாங்கிய மேசைக் கணினி, உத்தரவாதக் காலம் முடியாத நிலையில், சென்ற வாரம் முதல் திரையில் எதையும் காட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் கேபினட்டின் மின்விசிறிகளும், திரைக்குப் படத்தை அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் விசிறியும் சுழல்கின்றன. மானிட்டரோ 'சிக்னல் இல்லை' என்று காட்டிவிட்டு இருண்டுவிடுகிறது. அதே மானிட்டரையும் அதே எச்டிஎம்ஐ கேபிளையும் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்து, படம் தெளிவாக வந்த பிறகே புகாரைப் பதிவு செய்தேன்.

தாங்கள் அனுப்பிய சேவைப் பணியாளர் செய்த சோதனை ஒன்றே ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டில் இருந்த கேபிளைக் கழற்றி, கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினார். அதிலும் படம் வரவில்லை என்றதும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் மதர்போர்டு முற்றிலும் பழுதாகிவிட்டது, எனவே உத்தரவாதம் பொருந்தாது என்று அறிக்கை எழுதி, புதிய மதர்போர்டுக்கான விலை மதிப்பீட்டையும் சோதனைக் கட்டண ரசீதையும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

இக்கணினியில் உள்ளது இன்டெல் கோர் ஐ5-12400எஃப் பிராசசர் என்று தங்கள் விற்பனை ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது. 'எஃப்' என முடியும் அந்த வகையில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வசதி கிடையாது; மதர்போர்டின் போர்ட்டில் படம் வர அந்த வசதி தேவை. ஆகவே, கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் செருகிப் பார்த்திருந்தாலும் அந்த போர்ட்டில் படம் வந்திருக்காது. எதையும் நிரூபிக்க இயலாத இந்தச் சோதனைக்குத்தான் என்னிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டுள்ளது.

பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகவே தெரியும் ஓர் அடையாளத்தையும் அவர் கவனிக்கவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிஆர்ஏஎம் (ரேம் என்னும் தற்காலிக நினைவகம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (இயங்குதளத் தொடக்கம்) என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் உள்ளன. கணினி தொடங்கும்போது அவை முறையே எரிந்து அணையும்; எந்தக் கட்டத்தில் தடை ஏற்படுகிறதோ அந்த விளக்கு மட்டும் அணையாமல் நிற்கும். என் கணினியில் சிபியு விளக்கு எரிந்து அணைகிறது, டிஆர்ஏஎம் என்ற மஞ்சள் விளக்கு அப்படியே நின்றுவிடுகிறது. முற்றிலும் பழுதான மதர்போர்டு இந்தக் கட்டம் வரைகூட வந்திருக்க வாய்ப்பில்லை. கோளாறு ரேமில் இருக்கலாம், ரேம் ஸ்லாட்டில் இருக்கலாம், ரேம் சற்றே நகர்ந்து தளர்ந்தும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது தங்கள் பொறுப்பு. இரண்டு 8 ஜிபி ரேம்களையும் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் பொருத்திப் பார்ப்பதும், சிமாஸ் அமைப்புகளை (மதர்போர்டில் சேமிக்கப்பட்ட அடிப்படை அமைப்புகளை) அழித்து மீண்டும் இயக்குவதும் கால் மணி நேர வேலை. கேபினட்டின் மீது தாங்கள் ஒட்டிய உத்தரவாத முத்திரை இன்றுவரை கிழியாமல் இருக்கிறது. நான் திறக்கவில்லை என்பதற்கு மட்டுமன்றி, தங்கள் பணியாளரும் திறக்கவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

மின்னழுத்த ஏற்றத்தாழ்வு என்ற காரணம் எதைக் கொண்டு எழுதப்பட்டது என்பதும் விளங்கவில்லை. அவர் மின்னழுத்தத்தை அளக்கவில்லை; கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கவில்லை. கணினி யுபிஎஸ் வழியாகவே இயங்குகிறது. அதே யுபிஎஸ்ஸில் உள்ள மானிட்டருக்கும் மோடத்துக்கும் எந்தச் சேதமும் இல்லை.

எனவே, மேற்படி அறிக்கையை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்து, சோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறும், தகுதியுள்ள வேறொருவரை அனுப்பி என் முன்னிலையில் கேபினட்டைத் திறந்து முறையாகச் சோதித்து, பழுதான பாகம் எதுவாயினும் உத்தரவாதத்தின்கீழ் மாற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர்-3பி எனும் ஜிஎஸ்டி வரிப் படிவங்களை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், பணி முடியும் வரை மாற்றுக் கணினி ஒன்றும் தேவைப்படுகிறது. கணக்குகள் அனைத்தும் இதிலுள்ள எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தில் இருப்பதால், என் ஒப்புதலின்றி அதை அழிக்கவோ மாற்றவோ கூடாது.

ஏழு நாட்களுக்குள் உரிய பதில் கிடைக்காவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இதைச் சேவைக் குறைபாடாகக் கருதி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தொடர்ந்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனை ரசீது, சேவை அறிக்கை, சோதனைக் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்கள், அணையாத டிஆர்ஏஎம் விளக்கும் கிழியாத முத்திரையும் தெரியும் ஒளிப்படங்கள்.