ஒப்புக்கொண்ட பணத்துக்குத் தேதி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கப்பல் சரக்கு ஆவணப் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நாங்கள் பிஎல் என்று சொல்லும் சரக்கேற்றப் பத்திரத்தில் ஒரு தேதி விடுபட்டிருந்தால் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். துறைமுகத்தில் ஒரு கொள்கலன் இலவச நாள்களைத் தாண்டி நின்றுவிட்டால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஒரு நாள் பிசகினாலும் வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவார். அப்படித் தேதியிலேயே ஊறிப்போனவள், என்னுடைய சொந்த ஆட்குறைப்புக் கடிதத்தில் பணம் தரும் தேதி இல்லை என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த மடத்தனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு சிலராவது பேனாவை எடுக்குமுன் ஒரு முறை நிதானிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடந்த ஜூலை 31ஆம் தேதி மாலை எங்களில் ஒன்பது பேரை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். ஆட்குறைப்பு. முகவர் வேலை முழுவதும் வேறு நாட்டு அலுவலகத்துக்குப் போகிறதாம். நான்கு வார முன்னறிவிப்பு, கடைசி நாள் ஆகஸ்ட் 29. அழுகை வரவில்லை. மதியம் சாப்பிட்ட டப்பாவைக் கழுவவில்லையே என்ற நினைப்புதான் வந்தது. கடிதத்தில் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளம் வீதம் ஆட்குறைப்பு அனுகூலம் என்று எழுதியிருந்தது. மாதச் சம்பளம் 3,450 வெள்ளி, 14 ஆண்டுகள். அங்கேயே மனத்தில் பெருக்கிப் பார்த்தேன். 22,292 வெள்ளி 31 காசு. கடிதத்திலும் அதே தொகை இருந்தது. கணக்குச் சரியாக இருந்த நிம்மதியில் கையெழுத்துப் போட்டேன். தொகைக்கு அடுத்த வரியில் ஆங்கிலத்தில், 'உரிய காலத்தில் வழங்கப்படும்' என்று இருந்தது. எது உரிய காலம்? கேட்கத் தோன்றவில்லை.

சட்டம் தெரிந்தவர்கள் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆட்குறைப்பு அனுகூலம் தந்தே ஆக வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் எல்லா முதலாளிகளையும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகளாவது வேலை செய்திருக்க வேண்டும். தொகையை வேலை ஒப்பந்தமோ பேச்சுவார்த்தையோ முடிவு செய்கிறது. ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். ஆகவே நிறுவனம் பெருந்தன்மையாக நடக்கவில்லை என்று குறைகூற நான் வரவில்லை. தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், அதற்கு நன்றியும் சொன்னேன். என் குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

கடைசி மாதச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் மூன்று நாளில் வந்துவிட்டன. அனுகூலத் தொகை வரவில்லை. செப்டம்பர் நடுவில் மனிதவளப் பிரிவை அழைத்தேன். "நடைமுறையில் இருக்கிறது." இரண்டு வாரம் கழித்து அழைத்தேன். "வெளிநாட்டுத் தலைமையகத்தின் கையெழுத்துக்குப் போயிருக்கிறது." தீபாவளிக்கு முந்தைய வாரம் அழைத்தேன். கையெழுத்தாகிவிட்டது, கணக்குப் பிரிவுக்கு வந்துவிட்டது, வாழ்த்துகள் என்றார்கள். எதற்கு வாழ்த்து, தீபாவளிக்கா கையெழுத்துக்கா என்று விளங்கவில்லை. மொத்தம் எட்டு அழைப்புகள். தேதி, நேரம், பேசியவர் என்று எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பழக்கதோஷம்.

கணக்குப் பிரிவில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உங்கள் பெயர் இருக்கிறது. தொகை இருக்கிறது. அனுமதிக்கப்பட்டது என்றும் போட்டிருக்கிறது. பணம் அனுப்பும் தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது" என்றார். அவ்வளவு நாள்களில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான்.

வேலை போன வீட்டில் மிகவும் சங்கடமான பொருள் எதுவென்று கேட்டால், அனுமதிக்கப்பட்டும் வராத பணம் என்பேன். வரவே வராது என்று தெரிந்தால் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளலாம். வரப்போகிறது என்ற பணம் அப்படிச் சுருங்க விடாது. யாரிடமும் உதவி கேட்கவும் விடாது. அண்ணன் 3,000 வெள்ளி கைமாற்றாகக் கொடுத்தார். அண்ணி பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "கம்பெனிப் பணம் வந்துவிட்டதா?" என்று விசாரிப்பார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

யீஷூனில் நான்கறை வீடு. வீட்டுக் கடன், சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சேரும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. சம்பளம் நின்றதும் கணக்கில் வரவு நின்றது, கழிவு நிற்கவில்லை. ஆட்குறைப்பு அனுகூலத்துக்கு மத்திய சேமநிதிச் சந்தாவும் கிடையாது என்பதால், அந்தப் பணம் முழுதாக வந்திருந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு காசு சேர்ந்திருக்காது. கணவர் டாக்சி ஓட்டுகிறார். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். மாமியாருக்குப் பலதுறை மருந்தகத்தில் மாதந்தோறும் மருந்து. ஈரச்சந்தையில் மீன் வாங்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு கைகொடுத்தது. நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தாளிலும் கட்ட வேண்டிய தேதி தடித்த எழுத்தில் இருந்தது. அவற்றில் ஒன்றில்கூட 'உரிய காலத்தில்' என்று போடவில்லை.

இதற்கிடையில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். 2025 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். விருப்பமின்றி வேலை இழந்து, அதற்கு முன் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி. முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களுக்கு 750 வரை. வேலை போன முதல் மாதத்தில்தான் வீடு தள்ளாடும் என்பது இதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தப் பணம் ஒழுங்காக வந்தது. ஆனால் அங்கும் ஒரு சின்னத் தவறு செய்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் பணமே வந்துவிட்டதைப் போலக் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் இரண்டு நாளுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாதத்துக்குக் குறைந்தது 10 புள்ளிகள் சேர்த்தால்தான் அந்த மாதத் தொகை. வேலைகளுக்கு விண்ணப்பிப்பது, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சிக்குப் போவது எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இதை முதல் நாளே உட்கார்ந்து படித்திருந்தால் மனிதர் நிம்மதியாக டாக்சி ஓட்டியிருப்பார். அங்கே நிபந்தனையாவது எழுதப்பட்டிருந்தது. எப்போது, எதைச் செய்தால், எவ்வளவு என்பது தெரிந்தது. 14 ஆண்டுகள் உழைத்த இடத்திலிருந்து அந்த அளவு தெளிவுகூடக் கிடைக்கவில்லை.

நவம்பர் 3ஆம் தேதி 5,000 வெள்ளி வந்தது. முன்தகவல் இல்லை, விளக்கம் இல்லை. கேட்டதற்கு, மீதி விரைவில் என்றார்கள். டிசம்பர் முழுவதும் ஒன்றும் வரவில்லை. நானும் பெரிதாகத் துரத்தவில்லை. கொஞ்சம் வந்துவிட்டது, மீதியும் வரும் என்ற எண்ணம். அந்த 5,000 என்னைத் தூங்க வைத்துவிட்டது.

எழுப்பியவர் கணவரின் நண்பர். பணி ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடைசி நாள் எப்போது, தங்கச்சி?" ஆகஸ்ட் 29 என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "பிப்ரவரி முடிவதற்குள் கோரிக்கை பதிவு செய்தாயா, பிழைத்தாய். இல்லாவிட்டால் அவர்கள் தருகிறபோது வாங்கிக்கொள்" என்றார். தேநீர் ஆறிப்போனது.

சம்பளம் தொடர்பான கோரிக்கையை, வேலையை விட்டு வந்தவர் கடைசி நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் பதிவு செய்ய வேண்டும். ஒப்புக்கொண்ட ஆட்குறைப்பு அனுகூலத்துக்கும் இது பொருந்தும். முதலில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர்கள் வந்து வாதாடுவதில்லை, நாமே நம் கதையைச் சொல்லலாம். இந்த ஏற்பாடு 2017 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. இருந்தும் எனக்கு அதுவரை தெரியாது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 'நடைமுறையில் இருக்கிறது' என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்த ஆறு மாதத்திலிருந்து கழிகிறது. அவர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று நான் சொல்லவில்லை, மனத்தில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்றே செய்தாலும் அசட்டையால் செய்தாலும் கடிகாரம் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது.

மறுநாளே சிங்பாஸ் என்ற மின்னடையாளம் மூலம் இணையத்தில் நுழைந்து பதிவு செய்தேன். இன்னொரு வேடிக்கை. நடுவர் மன்றத்தில் கோரிக்கையின் உச்ச வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கத்தின் உதவியோடு போனால் 30,000. நான் சங்கத்தில் இல்லை. முழுத் தொகையும் நிலுவையில் இருந்திருந்தால் 2,292 வெள்ளியைக் கைகழுவ வேண்டியிருக்கும். நவம்பரில் வந்த அந்த 5,000 என் நிலுவையை வரம்புக்குள் இறக்கி வைத்திருந்தது. நிறுவனம் தெரியாமல் செய்த ஒரே நன்மை.

ஆதாரம் கேட்டார்கள். கடிதம், வங்கிக் கணக்கு விவரம், என் குறிப்பேடு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். சமரசப் பேச்சில் பேசியதை வெளியில் சொல்லக்கூடாது. சொல்லவும் போவதில்லை. மீதித் தொகைக்கு இரண்டு தவணைகள், இரண்டுக்கும் எண்ணில் எழுதப்பட்ட தேதிகள் என்பது வரை சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் தேதிகளை மூன்று முறை படித்தேன். எதிரில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும். முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது இம்மாத இறுதியில் வர வேண்டும். நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் தரும் தேதிக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏற்கெனவே உள்ள விதிகளைப் பாருங்கள். குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள நிறுவனம் ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால்கூட, ஊழியருக்குச் சொன்ன ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மாதச் சம்பளத்தை மாதம் முடிந்த ஏழு நாளில் கொடுக்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு 14 நாள். இப்படி நாள்களை எண்ணத் தெரிந்த நாடு இது. அனுகூலம் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், அது வேறு விவாதம். தருவதாகக் கடிதத்தில் எழுதுகிற முதலாளி, எந்த நாளில் தருவேன் என்பதையும் அதே கடிதத்தில் எழுதட்டும். அந்த நாள் தவறினால், ஊழியரின் ஆறு மாதம் கடைசி வேலை நாளிலிருந்து அல்லாமல் தவறிய நாளிலிருந்து எண்ணப்படட்டும். இது ஒன்றும் முதலாளிகளின் கழுத்தை நெரிக்கிற கோரிக்கை அல்ல. நல்ல முதலாளிக்கு ஒரு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்யும் வேலை, அவ்வளவுதான். நான் பார்த்த வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது முறை அதைச் செய்தோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள், ஆட்குறைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைத் தேடுங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கடைசி நாளிலிருந்து ஐந்தாவது மாதத்தை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

எங்கள் ஒன்பது பேரில் ஒரு மலாய் அக்கா இருந்தார். என்னைவிட நான்கு ஆண்டுகள் மூத்த ஊழியர், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். அவருக்கும் நவம்பரில் ஒரு பகுதிப் பணம் வந்தது. நான் கோரிக்கை பதிவு செய்ததைச் சொன்னபோது, தமக்கு மின்னஞ்சலில் உறுதி கொடுத்திருக்கிறார்கள், வீணாக எதற்குச் சண்டை என்றார். அவரை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். மார்ச் 4ஆம் தேதி என்னை அழைத்து, நான் போன இடத்தின் பெயரைக் கேட்டார். ஆறு மாதம் முடிந்து நான்கைந்து நாள்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கதவு மூடிவிட்டது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்க, வரும் வாரம் இலவசச் சட்ட ஆலோசனைக்கு அவரோடு நானும் போகிறேன். அந்த மின்னஞ்சலை அச்சடித்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் அவர் வாசித்துக் காட்டியபோது, தேதி வருகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சிறிது நேரம் தேடிவிட்டு, ஆங்கிலத்தில் "சூன்", அதாவது 'விரைவில்' என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் ஆவணப் பிரிவு ஊழியர்,
யீஷூன்
(பெயரும் முகவரியும் தங்களுக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளன)