ஞானஸ்நானத்துக்குப் பிறகு யார் கூட நடப்பது? மட்டக்களப்புச் சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும், சபை மூப்பர்களுக்கும், ஞாயிறு பாடசாலைப் பொறுப்பாளர்களுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றில் பல வருடங்களாக ஞாயிறு பாடசாலையில் படிப்பித்து வருகிறேன். மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் நான் கேட்கப்போவது எல்லாச் சபைகளிடமும்தான். ஞானஸ்நானம் எடுத்தவர்களையும் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டுச் சபையில் சேரும் ஆராதனை) பெற்றவர்களையும் வாரம் ஒருமுறை வீடு தேடிப் போய் விசாரிக்க, கூட இருந்து வேதம் வாசித்து ஜெபிக்க, ஒவ்வொரு சபையும் ஆட்களை நியமிக்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடத்துக்காவது.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். குளத்திலோ கடற்கரையிலோ ஞானஸ்நானம் கொடுக்கிறோம். பாட்டு, சாப்பாடு, படம் எடுத்தல் எல்லாம் முடிகிறது. அடுத்த மாதம் கன்வென்ஷன் வேலை தொடங்குகிறது. ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை ஒரு ஞாயிறு வரவில்லை, பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை. யாரும் கேட்பதில்லை. டிசம்பரில் கரோல் பாடப் போகும்போதுதான் சபை அந்த வீட்டுப் படலையைத் திறக்கிறது.

ஆனால் அதே வீட்டுக்கு வாரம் தவறாமல் வருகிற ஒருவர் இருக்கிறார். நுண்கடன் காசு சேர்க்க வருகிற தம்பி. எந்த வீட்டில் யார் வேலைக்குப் போகவில்லை, யார் தோட்டை அடகு வைத்தார், எந்தக் கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சகோதரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் நிற்பவர் அவர்தான். இது எனக்குப் பெரிய வேதனை.

மெதடிஸ்த இயக்கத்தின் தொடக்கத்திலும் வாராந்தக் காசு சேர்ப்பு ஒன்று இருந்தது. 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடுகிற கட்டடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய்க் காசு வாங்க வேண்டும். ஏழைகளிடம் காசு இல்லாவிட்டால் தானே போட வேண்டும். அப்படிப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலையைக் கண்டு வந்து, இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை என்று. இத்தனை நாளாக எனக்குத் தேவைப்பட்டது இதுதான் என்று வெஸ்லி கண்டுகொண்டார். காசு சேர்க்கத் தொடங்கிய ஏற்பாடு ஆத்துமாவை விசாரிக்கிற வகுப்புக் கூட்டமாக மாறிய கதை இது. அந்தச் சபையின் வளர்ச்சிக்கு வெஸ்லியின் பிரசங்கங்கள் எவ்வளவு காரணமோ, பேர் தெரியாத அந்த வகுப்புத் தலைவர்களும் அவ்வளவு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் மண்ணுக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டையும் நினைத்துப் பாருங்கள். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார், 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். ஒரு வருடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கொஞ்சக் காலத்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைக்கக் கொடுத்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை அந்த 1814 இலிருந்துதான் எண்ணுகிறது.

சரி, வீட்டுக்குப் போய் என்ன படிப்பிப்பது? பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றதைச் சொன்ன லூக்கா, அடுத்த வசனத்திலேயே அவர்கள் எதிலெதில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று எழுதுகிறார்: அப்போஸ்தலரின் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். வாரம் ஒரு அதிகாரம் என்றால் நான்கு மாதத்தில் ஒருவர் இயேசுவின் வாழ்க்கையை முழுதாக வாசித்து முடிப்பார். பல வருடம் சபைக்கு வந்தும் ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்காதவர்கள் எத்தனை பேர்!

பிறகு, வாழ்க்கையில் இடறுகிற இடங்களைப் பற்றிக் கதைக்க வேண்டும். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வது சாதாரணம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வருகிறது. மாமியார் பொங்கலைக் கொண்டுவந்து நீட்டுகிறார். வாங்குவதா, விடுவதா? புதிதாக விசுவாசத்துக்கு வந்த மருமகள் யாரிடம் கேட்பாள்? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8 முதல் 10 வரையான அதிகாரங்கள் இதைத்தான் பேசுகின்றன. விசுவாசியாத கணவன் கூட வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் போகாதே என்று 7 ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றை அவள் பக்கத்தில் இருந்து பொறுமையாக வாசித்தால், மாமியாரை மதித்துக்கொண்டே கர்த்தருக்கு உண்மையாக இருக்கிற வழியை அவள் கண்டுபிடிப்பாள். மேடையில் நின்று அயலவரின் வணக்கத்தைப் பழித்துப் பேசுவது அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது. அவள் போய்ச் சேர வேண்டியது அதே வீட்டுக்குத்தான்.

வெளிநாடு போகிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டாரிலும் குவைத்திலும் தேவாலயங்கள் உண்டு, விடுமுறை கிடைத்தால் போகலாம். சவூதியில் ஆலயமே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவளின் போனைச் சில வீடுகளில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவளுக்கு மிஞ்சுவது மனதில் இருக்கிறது மட்டும்தான். 23 ஆம் சங்கீதம், 121 ஆம் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம் இவ்வளவையும் மனப்பாடமாகக் கொடுத்து அனுப்புங்கள். விமான நிலையம் போகும் முன் தலையில் கை வைத்து ஜெபிப்பது நல்லது, ஆனால் அந்த ஐந்து நிமிடம் இரண்டு வருடத் தனிமைக்குப் போதாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். "இயேசப்பா ஏன் அவங்களைக் காப்பாற்றல?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? விசுவாசித்தால் ஒன்றும் நேராது, கடன் தீரும், நோய் மாறும் என்று மட்டுமே பிரசங்கம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வியின் முன் நிற்கக் கால் இருக்காது. இதை மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன் ஐயாமாரே, அப்படியான வாக்குறுதிகளைக் குறையுங்கள். யோபுவை வாசியுங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று அழுகிற சங்கீதங்களைச் சபையில் சத்தமாக வாசியுங்கள். போரையும் சுனாமியையும் கண்ட சனம் நாங்கள். அழுதுகொண்டே ஜெபிக்கலாம் என்று யாராவது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இதெல்லாம் போதகர் ஒருவரே செய்ய முடியாது. செய்யவும் கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்த அம்மாமார் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சில மாதம் பயிற்சி கொடுங்கள். இரண்டு பேராகப் போகட்டும். பெண்களைப் பெண்களே சந்திக்கட்டும். வெள்ளாமை வெட்டுகிற காலத்தில் சனம் களைத்துப்போய்த்தான் வீடு வரும், அப்போது நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். அந்த வீட்டில் தசமபாகம், காணிக்கை என்று எந்தக் காசுப் பேச்சும் எடுக்கக்கூடாது. அங்கே கேட்டது எதுவும் பிரசங்கத்தில் உதாரணமாக வரக்கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கதவு பிறகு திறக்காது.

பெரும்போக அறுவடை முடிகிற நேரத்தில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்களான லெந்து காலமும் வருகிறது. தொடங்க அது நல்ல காலம். அதற்கு முன் உங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, கடைசி மூன்று வருடப் பெயர்களை மூப்பர்களோடு இருந்து வாசியுங்கள். இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாத பெயர்களைத் தனியாக எழுதுங்கள். படுவான்கரைப் பக்கத்துப் பெயர்கள் இருந்தால் எனக்குத் தாருங்கள், நான் போகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.